மூடுசாதனம் மாரிக்கனி

மின்விசையால் இயங்கும் கார்க் கண்ணாடிகளும் கூரைச் சாளரங்களும் பொதுமக்களின் விரல்களை நசுக்காமல் தடுப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட சாளரப் பாதுகாப்புச் சிறப்புப் பிரிவு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் இயங்கிவந்தது. சொந்தக் கட்டடம் அமையும்வரை மட்டுமே இந்த ஏற்பாடு என்று அரசாணை கூறியது. கட்டடத்துக்கு இடம் தேடும் குழுவுக்கு இன்னும் தலைவர் நியமிக்கப்படாததால் ஏற்பாடு உறுதியாக இருந்தது. முகூர்த்த நாள்களில் பிரிவுக்கு விடுமுறை. மற்ற நாள்களில் பிரிவின் தலைமை அலுவலர் ஆவுடையப்பன், மணமேடையில் மாப்பிள்ளைக்கு உரிய சிவப்பு வெல்வெட் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றினார். பக்கத்தில் இருந்த மணப்பெண்ணின் நாற்காலியில் முடிவெடுக்கப்படாத கோப்புகள் வைக்கப்பட்டிருந்தன.

தொடங்கி எட்டு மாதங்களில் பிரிவு ஒரு விரலையும் காப்பாற்றியதாகத் தகவல் இல்லை. ஆனால் ஒரு விரலும் இழக்கப்படவில்லை என்பதை ஆவுடையப்பன் தம் அரையாண்டு அறிக்கையில் தடித்த எழுத்தில் குறிப்பிட்டிருந்தார்.

இந்தப் பிரிவின் சான்று இல்லாமல் எந்த வாகனத்துக்கும் இனி எஃப்சி என்னும் தகுதிச் சான்று கிடையாது என்று சொல்லப்பட்டதால், வைகாசி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வன்னியம்பட்டி வேல்பாண்டி தம் ஜீப்பை ஓட்டிக்கொண்டு அங்கே வந்தார்.

அந்த ஜீப்பில் மின்விசையால் இயங்கும் சாளரம் எதுவும் இல்லை. மின்விசையால் இயங்காத சாளரமும் இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சங்கிலி இருந்தது. கூரை, தார்ப்பாய். மாம்பழக் கூடைகளை உயரமாக அடுக்க வேண்டிய நாள்களில் தார்ப்பாயைப் பின்பக்கமாகச் சுருட்டிவிடுவார்கள். அடுக்கி முடித்ததும் வேல்பாண்டியின் மனைவி மாரிக்கனி பின்பம்பரில் ஏறி நின்று, தார்ப்பாயை வளைகம்பிகள் மேல் இழுத்து மூடி, கயிறு கட்டுவார். அந்த நேரம் முழுவதும் வேல்பாண்டி ஓட்டுநர் இருக்கையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கைபிரேக்கில் வண்டி நிற்காது. இருபது ஆண்டுகளாக நடந்துவரும் இந்த வேலைப் பங்கீட்டை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டிய அவசியம் இருவருக்கும் அதுவரை ஏற்பட்டதில்லை.

மண்டப வாசலில், முன்பு மொய் எழுதிய மேசைக்குப் பின்னால், கணினியுடன் யோகேஸ்வரி அமர்ந்திருந்தார். விண்ணப்பத்தில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. பிரேக் பற்றி ஒன்றும் இல்லை. அது வேறு பிரிவு.

"கண்ணாடி எத்தனண்ணே?"

"கண்ணாடியே கெடயாது மேடம்."

"இல்லைன்னு சொல்றதுக்கு இதுல வழியில்லண்ணே. 'மூடியுள்ளது', 'திறந்துள்ளது' ரெண்டுதான் இருக்கு. எதையாச்சும் அமுக்கினாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"அப்ப தெறந்துருக்குன்னு போடுங்க."

"எம்புட்டு நாளா?"

"வாங்கின நாள்லேருந்து."

யோகேஸ்வரி அவ்வாறே பதிந்தார். அவர் கெட்டிக்காரப் பெண். ஆனால் கணினி அவரிடம் கருத்துக் கேட்கவில்லை.

"கூரை தெறந்து மூடுமா?"

இங்கே வேல்பாண்டி 'இல்லை' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை முடிந்திருக்கும். ஆனால் அவருடைய தகப்பனார் இராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். அரசாங்கத் தாளில் பொய் எழுதக் கூடாது என்பதை அந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டியிருந்தார்கள்.

"தெறக்கும், மூடும்."

"எது மூடுது?"

"எதுவும் இல்ல மேடம். எங்க வீட்டுக்காரிதான்."

"பேரு சொல்லுங்க."

"மாரிக்கனி."

"தயாரிப்பு வருசம்?"

வேல்பாண்டி சற்றே யோசித்தார். "எம்பத்திமூணு."

"தயாரிச்ச இடம்?"

"ராஜபாளையம். எங்க மாமனார் வீடு."

"ரகம்?"

"மூத்தவ."

"உத்தரவாதம் ஏதும் உண்டா?"

"அப்படி ஒண்ணும் எழுதிக் குடுக்கல மேடம்."

கணினி மகிழ்ச்சியுடன் அடுத்த பக்கத்துக்குச் சென்றது. சிறிது நேரத்தில் ஓர் அச்சுத்தாள் வெளியே வந்தது. கூரை மூடுசாதனமாகிய மாரிக்கனியை மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனைக்கு முன்னிலைப்படுத்த வேண்டும் என்றும், சோதனை முடியும்வரை வாகனத்தை மண்டப வளாகத்தை விட்டு எடுக்கலாகாது என்றும் அதில் கண்டிருந்தது.

இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் வேல்பாண்டி மேற்கே மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில், அவர் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பில் சப்பட்டை மாம்பழம் பறிக்கும் பருவத்தில் நின்றது. தோப்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓர் ஓடை. அதை லாரி தாண்டாது, வேனும் தாண்டாது. இந்த ஜீப் தாண்டும். மலையில் ஒரு மழை விழுந்துவிட்டால் ஜீப்பும் தாண்டாது. தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆகும். அதற்குள் ஓர் ஆண்டு உழைப்பைக் குரங்குகள் தின்று தீர்த்துவிடும்.

"மேடம், மழ வந்துருச்சுன்னா பழம் அம்புட்டும் போயிரும். வண்டிய மட்டும் விடுங்க, நாளைக்கு நான் வந்து நிக்கேன்."

"மழைக்கு இதுல கட்டம் இல்லண்ணே" என்றார் யோகேஸ்வரி, உண்மையான வருத்தத்துடன்.

அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்பி வேல்பாண்டி விவரம் சொன்னபோது மாரிக்கனி மிளகாய் வற்றல் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆக, என்னைய மிசினுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கிய."

"ஏட்டி, நான் சொல்லல. அவிய எழுதினாவ."

"எம்பத்திமூணுன்னு சொன்னது யாரு?"

"அது... கேட்டாவ, சொன்னேன்."

"நான் எம்பத்தஞ்சு" என்றார் மாரிக்கனி.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்று சொன்ன சோதனை பதினொன்றரைக்குத் தொடங்கியது. மண்டப முற்றத்தில் ஜீப். அதன் எதிரே மேசை, விரிப்பு, பூச்சாடி. மண்டப வாடகையோடு சேர்ந்துவந்த ஒலிபெருக்கி சும்மா கிடப்பதை விரும்பாத ஆவுடையப்பன், சோதனைகளுக்கு முன் ஓர் உரை நிகழ்த்துவதை மரபாக்கியிருந்தார். கேட்பதற்கு வேல்பாண்டி, மாரிக்கனி, யோகேஸ்வரி, தொழில்நுட்ப உதவியாளர் ஜெபக்குமார் ஆகிய நால்வர் இருந்தனர்.

"பெரியோர்களே, தாய்மார்களே! சாளரம் என்பது என்ன? காற்று வரும் வழி என்பான் பாமரன். விரல் போகும் வழி என்பேன் நான்! இன்று இந்த மாவட்டத்தில் எத்தனையோ விரல்கள் நிம்மதியாக உறங்குகின்றன என்றால், அவற்றுக்காக நாங்கள் விழித்திருக்கிறோம். காலை பத்தரை முதல் மாலை ஐந்து வரை விழித்திருக்கிறோம், உணவு இடைவேளை நீங்கலாக! மூடிவரும் கூரை ஒரு தடையைத் தொட்டால், அந்தக் கணமே பின்வாங்க வேண்டும். அந்தத் தடை ஒரு குழந்தையின் சுண்டுவிரலாக இருக்கலாம். ஏன், இந்த ஆவுடையப்பனின் தலையாகவே இருக்கலாம்! விதிக்கு முன் தலையும் ஒன்றே, விரலும் ஒன்றே!"

ஜெபக்குமார் கைதட்டினார். அது அவருடைய பணிப்பட்டியலில் இருந்தது.

முதல் சோதனை சாவிச் சோதனை. சாவியை எடுத்த பிறகு மூடுசாதனம் இயங்கக் கூடாது. பெற்றோர் இறங்கிப்போன வண்டியில் குழந்தைகள் விளையாட்டாகப் பொத்தானை அமுக்கி மாட்டிக்கொள்ளாதிருக்க வகுக்கப்பட்ட, நல்ல விதி. வேல்பாண்டி சாவியை எடுத்தார். உச்சி வெயில் இருக்கையைச் சுட்டதால் மாரிக்கனி தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"சாவி இல்லாத நிலையிலும் சாதனம் இயங்குகிறது" என்று ஜெபக்குமார் எழுதினார். "தோல்வி."

"சாவிக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார் மாரிக்கனி. "சாவி போட்டாத்தான் வேல பாக்கணும்னா, எங்க வீட்ல இவுகளுக்குத்தான் மொதல்ல ஒரு சாவி செய்யணும்."

ஆவுடையப்பன் வேல்பாண்டியிடம் திரும்பினார். "இந்தச் சாதனத்தை நிறுத்துவதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?"

"இருபது வருசமாத் தேடிக்கிட்டுருக்கேன் சார்."

பிற்பகல் முழுவதும் இந்தச் சிக்கல் ஆராயப்பட்டது. வேல்பாண்டி சாவியை உயர்த்திக் காட்டும்போது மாரிக்கனி இழுப்பது, தாழ்த்தும்போது நிற்பது என்று ஒரு முறை முயன்று பார்த்தார்கள். மூன்றாம் முறை கை கடுத்துப்போய் வேல்பாண்டி சாவியைத் தாழ்த்த, தார்ப்பாய் பாதி வழியில் நின்று, அதன் மடிப்பில் கிடந்த கடந்த ஆண்டின் மழைநீர் ஜெபக்குமார் மேல் கொட்டியது. நாலரை மணிக்கு மாரிக்கனி பொறுமை இழந்து, கணவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் தம் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இந்தா, சாவி ஏங்கிட்டயே இருக்கு. இப்ப என்ன செய்யணும்?"

ஜெபக்குமார் நெடுநேரம் கையேட்டைப் புரட்டிவிட்டு, மெதுவாகத் தலைநிமிர்ந்தார். "சார், சாவி சாதனத்துலேயே இருக்கு. அப்போ சாவி இல்லாம சாதனம் இயங்க வழியே இல்ல."

"அற்புதம்!" என்றார் ஆவுடையப்பன். இத்தகைய உயர்ந்த பாதுகாப்பு எந்த வெளிநாட்டுக் காரிலும் இல்லை என்று குறிப்பெழுதச் சொன்னார். முதல் சோதனை தேர்ச்சி. அன்றிலிருந்து ஜீப்பின் சாவி மாரிக்கனியின் முந்தானையிலேயே இருந்துவருகிறது.

அப்போது வேல்பாண்டியின் கைபேசி ஒலித்தது. தோப்புக் காவலில் இருந்த மாரிக்கனியின் தம்பி இருளப்பசாமி.

"மச்சான், ரெண்டு கூடைப் பழம் தானா விழுந்துருச்சு. எப்ப வாரிய?"

"ஒங்க அக்காளச் சோதிச்சிக்கிட்டு இருக்காவ மாப்ள. முடியட்டும்."

"யாரு மச்சான் அந்தத் தைரியசாலி?" என்றார் இருளப்பசாமி.

இரண்டாவது சோதனை தடைச் சோதனை. நான்கு மில்லிமீட்டர் முதல் இருநூறு மில்லிமீட்டர் வரை பல்வேறு பருமனுள்ள, மிகவும் கெட்டியாகவோ மிகவும் மெத்தென்றோ இல்லாத உருளைத் தண்டுகளை மூடும் வழியில் வைத்து, சாதனம் பின்வாங்குகிறதா என்று ஒவ்வொரு பருமனுக்கும் ஐந்து முறை பார்க்க வேண்டும். தலைமையிடத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் தண்டு மட்டும் வந்திருந்தது. தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக அது பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டு, பீரோச் சாவி தலைமையிடத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. மற்றவற்றுக்கு மாற்றாக, கெட்டியும் மெத்தென்ற தன்மையும் அளவாகக் கலந்த உருளைகளை உள்ளூரிலேயே கொள்முதல் செய்துகொள்ள அனுமதி உண்டு. ஜெபக்குமார் சந்தைக்குப் போய் ஒரு முருங்கைக்காய், ஒரு வெள்ளரிக்காய், ஒரு சுரைக்காய், இருநூறு மில்லிமீட்டருக்குச் சரியாக ஒரு வெண்பூசணி ஆகியவற்றை அளந்து வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் வரிசை எண் எழுதி, முத்திரை குத்தி, மண்டபத்தின் பண்டக அறையில் பாதுகாப்பாக வைத்தார்.

மறுநாள் புதன்கிழமை, முகூர்த்தம்.

வியாழக்கிழமை காலை பண்டக அறையைத் திறந்தபோது சோதனைக் கருவிகள் இல்லை. விசாரணையில், முருங்கைக்காயும் சுரைக்காயும் கல்யாணச் சாம்பாரிலும், பூசணிக்காய் கூட்டிலும், வெள்ளரிக்காய் பச்சடியிலும் பயன்படுத்தப்பட்டுவிட்டன என்றும், முத்திரை குத்திய தோலைச் சமையல்காரர் கவனமாகச் சீவி எறிந்துவிட்டார் என்றும் தெரியவந்தது. கல்யாணக் கூட்டம், முற்றத்தில் நின்ற ஜீப்பையும் சும்மா விட்டுவைக்கவில்லை. முன்பக்கம் ரோஜா மாலை சூட்டப்பட்டு, பின்பக்கம் மணமக்கள் பெயர் ஒட்டப்பட்டிருந்தது.

ஆவுடையப்பன் உடனே 'சோதனைக் கருவிகள் சாம்பாரில் சேர்ந்தமை' என்னும் பொருளில் ஒரு கோப்பைத் தொடங்கினார்.

"சார்" என்றார் வேல்பாண்டி. "மேக்க பாருங்க சார்."

மேற்கே மலைமேல் கருமேகம் இறங்கியிருந்தது. இருளப்பசாமி காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார். இன்று பொழுது சாய்வதற்குள் பழத்தை இறக்காவிட்டால், பிறகு இறக்க வேண்டியதே இல்லை.

"ஓடைல தண்ணி வந்துருச்சுன்னா, எங்க பொழப்பு போச்சு சார். ஒரு வருசம் தண்ணி பாய்ச்சி, காவக் காத்து வளத்த பழம்."

"உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது" என்றார் ஆவுடையப்பன். "அது எங்கள் விதிமுறைகளில் இல்லை, ஆனாலும் புரிகிறது. புதிய கருவிகளுக்குக் கொள்முதல் ஆணை போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை பார்க்கலாம்."

இதற்கிடையில் மாரிக்கனி ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து, விசிறிக்கொள்வதற்காகக் கொடுக்கப்பட்ட விதிக் கையேட்டைப் படிக்கத் தொடங்கியிருந்தார். பிரிவில் அனைவரும் முதல் நாற்பத்தாறு பக்கங்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். மாரிக்கனி, வாரப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டும் வழக்கம் உள்ளவர்.

"சார், இங்க நாப்பத்தேழாம் பக்கத்துல ஒண்ணு போட்டுருக்கே. 'வாகனத்தின் மின்விசை உதவியின்றி, மனிதரின் கைவலிமையால் மட்டும் மூடப்படும் சாளரங்களுக்கும் கூரைகளுக்கும் இவ்விதிகள் பொருந்தா.' அப்படின்னா என்ன சார் அர்த்தம்?"

யோகேஸ்வரி கணினியைப் பார்த்தார். கணினி வேறெங்கோ பார்த்தது.

ஆவுடையப்பன் கையேட்டை வாங்கி, அந்த வரியை இருமுறை படித்தார். பிறகு, பெருந்தன்மையான ஒரு புன்னகையுடன் அதை மூடினார்.

"அம்மா, இது விலக்கு. விலக்கை யாருக்குக் கொடுக்கலாம்? தகுதி உள்ளவருக்கு. தகுதி உள்ளவர் யார்? சோதனையில் தேறியவர். ஆக, இந்தச் சோதனை உங்களுக்குத் தேவையில்லை என்று நான் சான்றளிக்க வேண்டுமானால், முதலில் நீங்கள் இந்தச் சோதனையில் தேற வேண்டும். சோதிக்காமலே தேவையில்லை என்று சொல்லத் தொடங்கினால், நாளைக்கு எங்களையே தேவையில்லை என்று சொல்லிவிட மாட்டார்களா?"

அப்போது முதல் துளி விழுந்தது.

அடுத்து விழுந்ததை யாரும் துளி என்று சொல்ல மாட்டார்கள். மேசை, விரிப்பு, பூச்சாடி, நான்கு பெட்டிக் கோப்புகள் அனைத்தும் முற்றத்தில் இருந்தன. மண்டபத்துக்குள் போகும் வாசலின் ஷட்டர், முற்றத்து உரை உள்ளே போய் எதிரொலிக்கக் கூடாது என்பதற்காகக் காலையிலேயே இறக்கப்பட்டிருந்தது. அது மின்விசை ஷட்டர். முதல் இடியோடு மின்சாரம் போனது. ஷட்டர்கள் வேறு பிரிவு என்பதால், அதைக் கையால் திறக்கும் வழி இருக்கிறதா என்பதைச் சாளரப் பிரிவில் எவரும் ஆராய்ந்திருக்கவில்லை.

"கோப்பு! கோப்பு!" என்று கூவியபடி ஆவுடையப்பன் ஜீப்பில் ஏறினார். அவருக்குப் பின்னால் யோகேஸ்வரியும் ஜெபக்குமாரும் கோப்புப் பெட்டிகளோடு ஏறினர். பெட்டிகள் இரண்டு பெஞ்சுகளையும் நிறைத்துவிட்டன. யோகேஸ்வரி முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டார். ஜெபக்குமார் ஒரு பெட்டியின் மேல் குந்தினார். பிரிவிலேயே உயரமானவரான ஆவுடையப்பனுக்கு நிற்பதற்கு மட்டுமே இடம் இருந்தது. வளைகம்பிகளுக்கு நடுவே அவருடைய தலை வானத்தை நோக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேல்பாண்டி பிரேக்கை மிதித்தபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடுங்கள் அம்மா! கூரையை மூடுங்கள்!"

மாரிக்கனி பின்பம்பரில் ஏறினார். தார்ப்பாயை இழுத்தார். அது சரசரவென்று முன்னேறி, ஆவுடையப்பனின் தலையைத் தொட்டது. அந்தக் கணமே அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏன் நிறுத்தினீர்கள்?"

"தட இருக்கு சார். தட இருந்தா பின்வாங்கணும்லா. ஒங்க தலையே ஆனாலும்னு மைக்குல சொன்னியளே."

"சரி, சரி, நான் குனிந்துகொள்கிறேன்!"

"சார், குனியாதீங்க!" என்று கத்தினார் ஜெபக்குமார். எட்டு மாதங்களில் அவர் மேலதிகாரியிடம் குரல் உயர்த்தியது அதுவே முதல்முறை. அவர் கண்களில், தொழிலை நேசிப்பவனின் ஒளி இருந்தது. சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, நனைந்த தலையைச் சுற்றிப் பிடித்து, மனக்கணக்குப் போட்டார். "விட்டம் நூத்தித் தொண்ணூறு மில்லிமீட்டர். வரம்புக்குள்ள இருக்கு சார். இருநூறுக்குப் பக்கத்துல வேற எதுவும் நமக்குக் கெடைக்காது. ரொம்பக் கெட்டியும் இல்ல, ரொம்ப மெத்தும் இல்ல."

"ஜெபக்குமார்!"

"ஒரு தடவ ஆயிருச்சு சார். இன்னும் நாலு. நடுவுல அசைஞ்சா மொதல்லேருந்து வரணும்."

இவ்விடத்தில் ஆவுடையப்பனைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் குனியவில்லை. வேறு எந்த மனிதரும் குனிந்திருப்பார். விதியை எழுதியவர்களே குனிந்திருப்பார்கள். அவர் மழையில் கண்களை மூடி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, சாளரப் பாதுகாப்பு வரலாற்றில் முதல் முழு அளவுச் சோதனைத் தண்டாக நின்றார்.

தார்ப்பாய் வந்தது, தொட்டது, பின்வாங்கியது.

"ரெண்டு. வலிக்குதா சார்?"

"இல்லை."

"வலி, இல்லை" என்று ஜெபக்குமார் பாலித்தீன் பைக்குள் குறிப்பேட்டை வைத்து எழுதினார்.

தார்ப்பாய் ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும், அதில் தேங்கிய தண்ணீர் முழுவதும் அலுவலரின் தோள்களில் இறங்கியது. இது பற்றி விதிகளில் ஏதும் கூறப்படவில்லை.

"ஏங்க, பிரேக்க விட்றாதிய" என்று குரல் கொடுத்தார் மாரிக்கனி. "இந்தா, மூணு. சார், செத்த நேரம் நிமிந்து நில்லுங்க. தலையத் தாழ்த்துதியளே."

நான்காம் முறை ஆவுடையப்பன் தும்மினார். அது அசைவாகுமா என்ற கேள்வி எழுந்தது. ஜெபக்குமார் கையேட்டைப் புரட்ட முற்பட்டார். அப்போது வேல்பாண்டி முதல்முறையாக மலையிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

"சார், தும்முனது தலையில்ல, மூக்கு" என்றார்.

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஐந்தாம் முறையும் தார்ப்பாய் பின்வாங்கியபோது ஜெபக்குமார் குறிப்பேட்டை மூடினார். "தேர்ச்சி சார். பெரிய அளவுல தேறிட்டா சின்ன அளவெல்லாம் தேறினதாவே எடுத்துக்கலாம். நாப்பத்தாறாம் பக்கம்." ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து தாளையும் முத்திரையையும் எடுத்து, ஜெபக்குமாரின் முதுகை மேசையாக்கித் தற்காலிகச் சான்றில் கையெழுத்திட்டார். மை மழையில் ஓடிவிட்டது. முத்திரை மட்டும் நின்றது. முத்திரை போதும்.

"சார், இப்ப ஒக்காருங்க" என்று சொல்லி மாரிக்கனி இரண்டே இழுப்பில் கூரையை மூடி முடிச்சுப் போட்டார். அதற்குப் பத்து நொடி ஆனது. சரியாக அந்தப் பத்தாம் நொடியில் மின்சாரம் வந்து ஷட்டர் திறந்துகொண்டது.

கோப்புகளை இறக்க யோகேஸ்வரி ஓடி ஓடி உதவினார். கடைசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவர் மாரிக்கனியின் அருகே வந்து, "அக்கா, அண்ணன்கிட்ட மழைக்குக் கட்டம் இல்லைன்னேன்ல, மனசுக்குக் கஷ்டமாயிருந்துச்சு. சீக்கிரம் போங்க" என்றார். முந்தானை அவிழ்ந்தது, சாவி திரும்பியது, ரோஜா மாலையும் யாரோ ஒரு ஜோடியின் பெயரும் அணிந்த ஜீப், ராஜபாளையம் சாலையில் பறந்தது. வழியில் இரண்டு இடங்களில் சனங்கள் கையசைத்து வாழ்த்தினார்கள். வேல்பாண்டி வெட்கப்பட்டார். மாரிக்கனி பதிலுக்குக் கையசைத்தார்.

ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்திருந்தது. ஜீப் தாண்டியது. தோப்பில் இருளப்பசாமி நான்கு ஆள்களை வைத்து முக்கால்வாசிப் பழத்தைப் பறித்துக் கூடைகளில் அடுக்கித் தயாராக வைத்திருந்தார். அக்காளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தேறிட்டியா?"

"பேசாம கூடையத் தூக்குலே" என்றார் மாரிக்கனி.

மூன்று நடைகள். மூன்றாம் நடையில் ஓடை கதவுச் சங்கிலியைத் தொட்டது. வெளிச்சம் இருக்கும்போதே கடைசிக் கூடை தார்ச்சாலை ஏறியது. மரத்தில் நின்ற மீதிப் பழத்தைக் குரங்குகள் எடுத்துக்கொண்டன. அவற்றுக்கும் ஒரு வருடக் காத்திருப்பு இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து, அசல் சான்று பதிவுத் தபாலில் வன்னியம்பட்டிக்கு வந்தது. அரசு முத்திரையோடு, தடித்த தாளில், பொறுமையாக அச்சிடப்பட்டிருந்தது. வேல்பாண்டி வாசலில் நின்று உரக்கப் படித்தார்.

"வாகனத்தின் கூரை மூடுசாதனமாகிய மாரிக்கனி, எண்பத்து மூன்றாம் ஆண்டுத் தயாரிப்பு..."

"எம்பத்தஞ்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"...அனைத்துச் சோதனைகளிலும் தேறியதால், அவருக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது. நிபந்தனைகள்: ஒன்று, சாதனம் எப்போதும் நல்ல நிலையில் பராமரிக்கப்பட வேண்டும். ரெண்டு, சாதனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றக் கூடாது. மூணு..." வேல்பாண்டி நிறுத்தினார்.

"மூணு என்ன? வாசிங்க."

"மூணு, இத்துறையின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றி மேற்படி சாதனத்தை மாற்றவோ, கூடுதலாக வேறொரு சாதனத்தைப் பொருத்தவோ கூடாது."

மாரிக்கனி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சான்றை வாங்கி, அந்த மூன்று நிபந்தனைகளையும் மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் தாமே ஒருமுறை படித்தார். அந்தப் பிரிவைப் பற்றி அதுவரை அவர் சொல்லிவந்தவை பலவற்றை இங்கே எழுத இயலாது. இப்போது அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது.

"என்னதான் சொல்லுங்க" என்றார், "படிச்சவுக படிச்சவுகதான்."

மறுநாளே சான்று லேமினேட் செய்யப்பட்டு, ஜீப்பில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக, மூன்றாம் நிபந்தனையின் கீழ் சிவப்புக் கோடு இட்டு மாட்டப்பட்டது. வேல்பாண்டி பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.